தெரியாமல் பட்ட அடி

"டெட் பால்" என்று ஆட்டத்தை நிறுத்தி இரண்டு கைகளையும் தூக்கிய கணமே மருந்துக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு வீட்டில் சாப்பாடு கிடைப்பது சந்தேகம் என்று.

பேட்டைச் சுழற்றியவள் அவருடைய மனைவி. எதிரணிக்காக அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்துக்கொண்டிருந்த கேட்சர், மனைவியின் அக்கா. இரவல் வாங்கிய திரைச்சீலையைத் தங்கை துவைத்துச் சுருக்கித் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வழக்கமான சாஃப்ட்பால் அம்பயர் காய்ச்சலில் படுத்துவிட, விதிகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர் என்று இவரைப் பிடித்துவந்து கேட்சரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

முதல் பேஸில் இருந்த பெண், பந்து அடிபடுவதற்குக் காத்திராமல் இரண்டாவது பேஸைத் திருட ஓடினாள். மனைவி வீசிய பேட் பந்தைத் தொடாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. ஓடுகிறவளை அவுட்டாக்க அக்கா எழுந்து பந்தை எறியக் கையை ஓங்கினாள். எட்டிப் பார்க்க அவரும் முன்னால் சாய்ந்தார். முழங்கையில் 'டொக்'கென்று ஓர் அடி. பந்து காலடியில் விழுந்தது.

தெரியாமல் பட்ட அடி, ஆகவே பேட் பிடித்தவள் அவுட் இல்லை. ஆனால் பந்தை எறியவிடாமல் தடுத்துவிட்டதால், ஓடியவள் முதல் பேஸுக்கே திரும்ப வேண்டும். விதியில் உள்ளபடி அவர் சொன்னார்.

பெண்டாட்டி மேல் பாசம் என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரியாமல் பட்டதற்கு எதற்குத் தண்டனை என்று மனைவி பேட்டைத் தரையில் ஊன்றி நின்றாள். இரண்டு பேரும் அவரிடம்தான் பேசினார்கள். ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.

முதலில் அக்காவைச் சமாதானப்படுத்தலாம் என்று போனார்.

"வேணும்னு அடிச்சிருக்க மாட்டா அண்ணி. இவளுக்குக் குறி பாத்து அடிக்கவே வராது."

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, நீ நெனச்சா எதையும் சரியா அடிப்ப."

"அப்ப என் கையை நெனச்சுத்தான் அடிச்சிருக்கா," என்றாள் அக்கா.

ஒரு மன்னிப்பு கேட்டுவிடு, ஆட்டம் நகரட்டும் என்று மனைவியின் காதோடு கெஞ்சினார். கேட்டால் வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும் என்று மறுத்துவிட்டாள். வேறு வழி தெரியாமல், அவள் சார்பில் அவரே மன்னிப்புக் கேட்டார்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, அவளுக்கு வாய் இல்லையா? நீங்க எதுக்கு நடுவுல வர்றீங்க?"

"இவர் எப்பவுமே இப்படித்தாங்க்கா," என்றாள் மனைவி.

'அக்கா' என்ற சொல் அவள் வாயில் வந்து எத்தனை காலம் ஆயிற்று. அதன்பின் இடைவேளை முழுக்க இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தபடி அவருடைய குறைகளை எடுத்துப்போட்டு அலசினார்கள். ஆட்டம் முடிந்ததும் அக்காவின் காரிலேயே ஏறிக்கொண்ட மனைவி, அவரை நடந்து வரச் சொல்லிவிட்டாள்.

அவருக்கு அதில் வருத்தமே இல்லை. விதி தவறாமல் நின்றோம், பிரிந்த குடும்பமும் சேர்ந்துவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

மனைவிக்கு அடுத்து ஆட வேண்டியவளாகப் பக்கத்திலேயே காத்து நின்ற பெண், தயங்கித் தயங்கி அவர் அருகில் வந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார். ஆனா அவங்க முழங்கையில இடிச்சது பேட் இல்ல, உங்க கை."