பலக்கிகோ எழுதிய வரவேற்பு

'தெரியாது' என்ற சொல் மட்டும் தெரியாதவர் ஊருக்கு ஒருவர் உண்டு. ஹவாய்த் தீவுகளில் கெக்கஹா என்ற ஊருக்குப் பலக்கிகோ.

தபால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். மாலை வகுப்பில் எட்டு மாதம் ஹவாய் மொழி படித்தார், அவ்வளவுதான், அதற்கப்புறம் படகுக்குப் பெயர் வைப்பவர், தோளில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறவர் என்று யார் ஆங்கிலத்தில் எதைக் கொண்டுவந்தாலும் அகராதியைக்கூடத் திறக்காமல் ஹவாய் மொழியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொல்லுக்குச் சொல். 'டேக் இட் ஈஸி' என்று தன் சாப்பாட்டு வண்டியில் எழுதக் கேட்டவனுக்கு அவர் கொடுத்த வாசகத்தின் பொருள், 'சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகலாம்'. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அண்ணன் மனைவி லுயிகா கண்டுபிடிப்பாள். நீஹாவ் தீவில் பிறந்து, அந்த மொழியிலேயே கொஞ்சி, அந்த மொழியிலேயே திட்டி வளர்ந்தவள். இதய அறுவைச் சிகிச்சைக்கு ஹோனலூலு போய் மூன்று மாதம் கழித்து அவள் வீடு திரும்பும் நாள். 'வீ மிஸ்ட் யூ' என்று ஹவாய் மொழியில் எழுதித் தரும்படி அவள் மகள் ஹவுலானி கேட்டாள். 'மிஸ்' என்றால் தவறுவது. தவறுவதற்குச் சொல் 'ஹலா'. பலக்கிகோ பத்தடித் துணியில் சிவப்பாக எழுதி வாசலில் கட்டினார்: 'உவா ஹலா ஓயே.'

லுயிகா காரிலிருந்து இறங்கி, நிமிர்ந்து, நிதானமாகப் படித்தாள்.

"நான் தவறிட்டேனா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

வரவேற்க வந்த கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. இது இந்தக் கரையின் பேச்சுவழக்கு என்று ஆரம்பித்த பலக்கிகோ பாதியிலேயே அதை விட்டுவிட்டார். மூன்று மாதமும் அவள் கோழிகளுக்குத் தீனி போட்டவர் அவர்தான். ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் நடுங்கியவரும் அவர்தான்.

"நீங்க இல்லாம வீடே வெறிச்சோடிக் கெடந்தது அண்ணி. அதை எப்படிச் சொல்றது?"

வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எழுதிக் கட்ட மாட்டோம். மூக்கோட மூக்கு வெச்சு அழுவோம்."

அழுதார். வெட்கமில்லாமல், விசும்பி விசும்பி.

"மெதுவாடா. தையல் போட்டிருக்கு. நெஜமாவே தவறிடப் போறேன்," என்றாள் லுயிகா.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுநாள் காலை 'கெட் வெல் சூன்' என்பதற்கு ஹவாய் மொழியில் என்ன என்று கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் பலக்கிகோ பதில் சொல்லி முடித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி, 'இதற்குத் தமிழில் என்ன?' என்று போன வாரம் ஒருவர் உங்களிடம் கேட்டாரே, எத்தனை நொடி யோசித்தீர்கள்?