நான்கு குடுவைகள், ஒரே கலங்கல்

ஒழுங்கு என்றால் என்ன என்பதை மனிதகுலம் அந்த ஈஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் இயக்குநர் மாபெரும் சமத்துவவாதி. திங்கள்தோறும் ஆய்வகத்துக்கு 'விஜயம்' செய்வார். ஈஸ்ட் பெருகப் பெருகக் குடுவை நீர் கலங்கும்; எல்லாக் குடுவைகளும் ஒரே அளவு கலங்கியிருக்க வேண்டும். ஒன்று தெளிந்திருந்தாலும் போச்சு, "வேலையே நடக்கலையா?" என்று கட்டடமே அதிரும்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ரொட்டி ஈஸ்டையும் சேர்த்து நான்கு ஈஸ்ட் இனங்களை வளர்த்துவந்தாள். நான்கும் பங்காளிகள். டி.என்.ஏ. நூல் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நூல் குட்டிக் குட்டிப் புரத உருண்டைகளில் சுற்றியிருக்கும். இறுக்கிச் சுற்றிய இடத்தில் மரபணு வாயைத் திறக்காது; தளர்ந்த இடத்தில் வேலை பார்க்கும். பங்காளிகள் பிரிந்து போன கோடிக்கணக்கான ஆண்டுகளில் இந்தச் சுற்று எவ்வளவு மாறியது என்பது அவள் கேள்வி. ஒரு சுற்றுக்கூட மாறவில்லை என்பது இயக்குநரின் 'கோட்பாடு'. அவளுடைய அளவீடுகளும் அட்சரம் பிசகாமல் அதையே காட்டின. இயக்குநருக்கு விருது வந்துவிட்டது. அவளுக்கு முனைவர் பட்டம் வரவிருந்தது. அத்தனை வருஷமும் அவளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட அக்கா அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

இவ்வளவு அழகான முடிவு அவளுக்கே உறுத்தியது. குடுவைகளில் இருப்பது எந்த இனம் என்று சோதித்தாள். நான்கிலும் ரொட்டி ஈஸ்ட்!

"மத்ததெல்லாம் மெதுவாத்தாம்மா வளருது," என்றார் ஆய்வக உதவியாளர், தலையைச் சொறிந்தபடி. "திங்கக்கிழமை கலங்கலைன்னா சார் கத்துவாரு. அதான் ரொட்டி ஈஸ்டுல கொஞ்சம் எடுத்து ஊத்திடுவேன்."

அவள் இயக்குநரிடம் ஓடினாள். "சார், நாலும் ஒண்ணுதான் சார்!"

"அதைத்தானேம்மா நானும் சொல்லிட்டிருக்கேன்!"

"ஐயோ சார், நாலு இனமே இல்ல. எல்லாத்துலயும் ரொட்டி ஈஸ்டுதான். அசல் இனங்க உறைபெட்டியில பத்திரமா இருக்கு. முதல்ல இருந்து செய்யணும்."

இயக்குநர் பதறவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர்! உடனே 'உயர்நிலைக் குழு'வைக் கூட்டினார். நான்கு துறைத் தலைவர்களும் ஒவ்வொருவராக அவர் அறைக்குள் போய், தேநீர் குடித்து, தெளிவு பெற்று வந்தார்கள்.

"முடிவு சரின்னா குடுவையில எது இருந்தா என்ன?" என்றார் முதலாமவர்.

"குடுவையில எது இருந்தா என்ன, முடிவு சரிதானே?" என்று இரண்டாமவர் வன்மையாகக் கருத்துரைத்தார். மற்ற இருவரும் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்து, அதையே சொன்னார்கள்.

இயக்குநர் கனிவோடு அவள் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? நாலு அறிஞர்கள், தனித்தனியா யோசிச்சு ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. நீயும் சரின்னுட்டா அடுத்த மாசம் பட்டம். இல்லேன்னா கிடையாது. என்ன சொல்றே?"

அக்காவின் முகம் அவள் கண்முன் வந்து நின்றது. பட்டத்தை விடவும் மனமில்லை, பொய்யை விழுங்கவும் முடியவில்லை. எழுந்தாள்.

"இவங்களையும் சோதிச்சுப் பாக்கணும் சார். நாலு பேருக்குள்ளயும் ஊத்தி வச்சிருக்கிறது உங்களைத்தான்."