தேர்வுக் குழுவுக்குப் போன வாத்து

சியாயி,
மழை விட்ட மாலை

பெருமதிப்பிற்குரிய ஷூ-சென் அக்காவுக்குத் தம்பி சின்-ஃபா வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் வாத்துக்கடையும் நலம். தைதுங்கில் அத்தானும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மகள் யூ-துங் ஆசிரியப் பயிற்சியில் தேறிவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்கையில் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

பயிற்சிக் காலம் முழுக்க அவள் ஒரு கோப்பு தயாரித்தாள் அக்கா. பாடக்குறிப்பு, பிள்ளைகள் வரைந்தது, வகுப்புப் படங்கள், எந்தப் பாடம் சரியாக வந்தது, எது சொதப்பியது என்று தன் கைப்பட எழுதியது, எல்லாம் அதில்தான், அதைப் பார்த்துத்தான் தேர்வுக் குழு முடிவு சொல்லும். இன்று காலை மழையில் நனையக் கூடாதென்று அதை நம் கடையின் சிவப்புப் பையில் கட்டி மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு சிவப்புப் பையில், கோவில் விருந்துக்குப் போக வேண்டிய புகைபோட்ட வாத்து. கோவிலுக்கு நான் ஒரு பையை அனுப்பினேன், அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். குழுவின் முன்னால் முடிச்சை அவிழ்த்தால், தலையோடு வாத்து எட்டிப் பார்த்திருக்கிறது.

உடனே போன். "அப்பா! கோப்பு எங்கப்பா? இங்க வாத்து இருக்குப்பா!"

"வாத்து அங்க இருந்தா, கோவில்ல என்னம்மா இருக்கு?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "கேள்வி கேக்கற நேரமாய்யா இது? வண்டிய எடு!" என்று என் மனைவி கரண்டியை ஓங்கினாள்.

கோவிலில் விருந்துக் கமிட்டியே கோப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. தலைவர் சாய் நிமிரக்கூட இல்லை. "இருப்பா, இந்தப் பக்கத்த முடிச்சுக்கறேன். இந்தப் படத்துல இருக்கறவன் என் பேரன் போ-வெய்டா! வீட்டுல ஒரு நிமிஷம் உக்காருவானா? இங்க பின்னக் கணக்குப் போடறான்!"

யூ-துங் எழுதியிருந்தது இது: 'போ-வெய் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான். நானும் உள்ளே போய் அங்கேயே பாடம் சொன்னேன். தலைமையாசிரியர் வந்தபோது வகுப்பில் ஆசிரியரைக் காணோம்.' அதன் கீழே சாய், 'உண்மைதான். இப்போது வீட்டிலும் மேசைக்கடியில் தானாகவே படிக்கிறான். இப்படிக்குத் தாத்தா' என்று எழுதி, சோயா சாஸ் விரலால் ஒரு ரேகையும் வைத்துவிட்டார். நான் பிடுங்கிக்கொண்டு குழு இருந்த பள்ளிக்குப் பறந்தேன்.

குழுத் தலைவி லியாவ் அம்மையார் ரேகையைத் தடவிப் பார்த்தாராம். "இது என்னம்மா?"

"சோயா சாஸுங்க. எழுதினது அந்தப் பையனோட தாத்தா."

மகள் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இங்க வர்ற கோப்ப எல்லாம் நாங்க மட்டுந்தான் படிப்போம். இத ஊரே படிச்சிருக்கு. நல்லா இரும்மா," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். சேதி கேட்டு அழுதேன். அடிபட்டு அழுகிறேன் என்று மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார்கள். எத்தனை மாதக் கனம் இறங்கியது தெரியுமா அக்கா!

அத்தானுக்கு என் வணக்கம். முன்னோர் உங்கள் வீட்டுக்குக் குறை வைக்காமல் காக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஹௌ சின்-ஃபா

பி.கு.: அத்தான் பட்டாசு வாங்கியிருந்தால் வெடிக்க வேண்டாம். தேறியது பயிற்சி மட்டும்தானாம். கோடையில் வேலைக்கென்று தனித் தேர்வு, அதற்கு வேறொரு கோப்பாம். அது முடியும்வரை என்னை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் மகள்.