என் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன பதினொரு பிள்ளைகள்

ஒரே காலையில் பதினொரு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் நான். தொற்றுநோய் எதுவும் பரவவில்லை, மதியச் சாப்பாட்டில் பல்லியும் விழவில்லை. நான் ஒரு கடிதம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்போது நான் ஆசிரியையாகி இரண்டாவது வருடம். மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு என் கையில். இருபத்தாறு பிள்ளைகள்.

நவீன கற்பித்தல் முறைகள் பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பிள்ளைகளில் சிலர் பார்த்துப் படிப்பார்கள், சிலர் கேட்டுப் படிப்பார்கள், சிலர் செய்து படிப்பார்கள், ஆளுக்கேற்ற மாதிரி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். (இப்போது அந்தக் கொள்கையையே பலர் சந்தேகிக்கிறார்களாம். அதை அன்றைக்கே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.) எனக்கு ஞானம் வந்துவிட்டது. திரும்பி வந்த பஸ்ஸிலேயே ஆட்களை வகை பிரிக்கத் தொடங்கினேன். ‘இறக்கம், இறக்கம்’ என்று இரண்டு பேர் கத்தியும் நிறுத்தாத டிரைவர் நிச்சயமாகக் கேட்டுப் படிக்கும் வகை இல்லை.

வகை கண்டுபிடிக்க என் போனில் ஒரு செயலியை இறக்கினேன். இருபது கேள்வி. முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் கேட்டு, பிள்ளைகள் சொல்வதை அழுத்திக்கொண்டே போனேன்.

“புதுசா ஒரு சமையலறைக் கருவி வாங்கினா மொதல்ல என்ன செய்வீங்க?”

“கருவின்னா அம்மியா டீச்சர்?” என்றாள் கலைவாணி.

“அம்மின்னே வச்சுக்க.”

“தூக்க ஆள் கூப்புடுவோம் டீச்சர்.”

அந்தப் பதில் செயலியில் இல்லை. நானாக ஒன்றை அழுத்தினேன். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்ந்தது.

கடைசியில் பெற்றோருக்கென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடிதமும் வந்தது. அதுவும் ஆங்கிலம். நான் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கலாம். போன் எதற்கு இருக்கிறது என்று அதையே மொழிபெயர்க்கச் சொன்னேன். அது கண்ணிமைக்கும் நேரத்தில் தந்தது:

‘உங்கள் பிள்ளை செவிப்புலன் எனக் கண்டறியப்பட்டுள்ளார். பயப்பட வேண்டாம். வீட்டில் உரிய பராமரிப்பு அவசியம்.’

சிலருக்குச் செவிப்புலன், சிலருக்குக் கட்புலன். செய்து படிக்கிறவர்களுக்கு மட்டும், ‘இயக்கம் எனக் கண்டறியப்பட்டுள்ளார். நீண்ட நேரம் உட்கார அனுமதிக்காதீர்கள்’ என்று இருந்தது. தமிழ் கொஞ்சம் விறைப்பாகத்தான் பட்டது. ஆனால் புரியாத தமிழில் ஒரு கௌரவம் இருக்கிறது என்று நம்பிய வயது அது. அச்செடுத்து, பிரின்சிபல் சேரிடம் நீட்டினேன். அவர் வேறு ஏதோ படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசிக்காமலே இருபத்தாறு சீல் குத்தித் தந்தார். அன்றைக்கே பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை மூன்று மூலை தயார் செய்துகொண்டு வகுப்புக்குள் போனேன். பார்க்கிறவர்களுக்குப் புரொஜெக்டர், கேட்கிறவர்களுக்கு ஸ்பீக்கர், செய்கிறவர்களுக்குக் களிமண். வகுப்பில் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். பதினைந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஒக்காருங்க பிள்ளைகளே.”

ஒருவரும் அசையவில்லை.

“ஒக்காரக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்புனாங்க டீச்சர்” என்றாள் கலைவாணி. “எனக்கு மூல வியாதியான்னு எங்கப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“மத்தவங்க எங்கே?”

“அவங்களுக்குத்தான் காதும் கண்ணும் போயிருச்சே டீச்சர். கொழுந்து லொறில டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க.”

அதற்குள் பிரின்சிபல் சேர் வாசலில் நின்றார். கையில் என் கடிதம். முதல் தடவையாக வாசித்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

“தோட்டத்து ஒபிஸ்லருந்து போன் பண்றாங்க. பதினொரு பேருக்கும் ஒரே நாள்ல எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல? சீல் வேற என்னோடது!”

வகுப்பை அவரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வளைவுக்கு வளைவு ஒரு மன்னிப்பு வாசகம் யோசித்தேன். எதுவும் உருப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்கு நிறைய எங்கள் பிள்ளைகள். பக்கத்தில் வேலையை விட்டுவிட்டு வந்த அம்மாமார், ஞாயிற்றுக்கிழமை சேலையில். ஒவ்வொருவர் கையிலும் என் கடிதம், பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன்.

“டீச்சர் வந்துட்டாங்க!” என்று எழுந்தார் ரோஸ்மேரி அக்கா, என் வகுப்பு அனுஷாவின் அம்மா. “பாத்தீங்களா, நம்ம புள்ளைங்களுக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க. நீங்க கண்டுபுடிக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சர்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அக்கா, அது நோயில்ல. பிள்ளைக எப்படிப் படிப்பாங்கன்னு... போன்தான் தப்பா எழுதிருச்சு. நான் சரியாப் பாக்காம குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அப்ப எங்க மகனுக்குக் காது கேக்குமா?” என்று கேட்டார் ஒரு அம்மா. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“நல்லாக் கேக்கும் அக்கா.”

“நான் கூப்புட்டா மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?” என்று மகன் முதுகில் ஒன்று வைத்தார். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கடிதத்தை நான்கு தடவை படித்துப் பார்த்த நர்ஸ், “வந்ததே வந்துட்டீங்க, காது, கண்ணு ரெண்டையும் பாத்துட்டே போங்க” என்றார். பத்துப் பேருக்கும் ஒன்றுமில்லை. கடைசியாக அனுஷா போனாள். காது பிரமாதம். சுவரில் எழுத்து அட்டையைக் காட்டினார்கள். மேலே இருந்த பெரிய எழுத்தைத் தாண்டி அவளால் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

என் கணக்கில் அனுஷாதான் சுத்தமான செவிப்புலன். ‘பலகையில் எழுதியிருந்தால் வாசிப்பாயா, யாராவது வாசிக்கும்வரை இருப்பாயா’ என்ற கேள்விக்கு, வாசிக்கும்வரை இருப்பேன் என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். தலையைச் சாய்த்து அவள் பாடம் கேட்கிற அழகை நான் மற்றப் பிள்ளைகளுக்கு உதாரணமாக வேறு காட்டியிருக்கிறேன்.

“போர்டு தெரியலன்னு ஏம்மா சொல்லல?”

“அது டீச்சர் மறக்காம இருக்க எழுதி வைக்கிறதுன்னு நெனச்சேன்” என்றாள்.

அவள் என் முன்னால் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபது கேள்வி கேட்ட நான், இது தெரியுதா என்ற ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அன்று ரோஸ்மேரி அக்கா என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, தகுதியில்லாத நன்றி எவ்வளவு கனக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

கண்ணாடி வந்த அன்று அனுஷா ஒரு மணி நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் எழுத்துப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாள். (இரண்டு, உண்மையில்.) இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

ஆனால் நான் எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்தத் தோட்டத்தில் எனக்குக் கண் பார்க்கத் தெரியும், காது பார்க்கத் தெரியும் என்ற பெயர் மட்டும் போகவில்லை. போன மாதம் மாதா கோயில் திருவிழாவில், நானும் என் கணவரும் நிற்கிறோம், அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர் தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

“டீச்சர், இவருக்கு நான் பேசுறது எதுவுமே கேக்குறதில்ல. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்: “அது கல்யாணம் பண்ண எல்லாருக்கும் உள்ளதுங்க அக்கா. எனக்கே இன்னும் கடிதம் குடுக்கல.”