பழுப்புத் தொப்பிக்காரன் சம்பந்திக்கு எழுதிக்கொண்டது

அலாஹுவேலா,
1993 மார்ச் 15, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. கெரிட் ஹூக்ஸ்ட்ரா அவர்களுக்கு,

எலாடியோ பிகாடோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி நோயெமியும் சுகம். அங்கே ஹாலந்தில் தாங்களும், தங்கள் மகன் யெல்லேயும், எங்கள் பெண் யோர்லெனியும், தாங்கள் வளர்ப்பதாகச் சொன்ன இரண்டு வாத்துகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். யோர்லெனி, இந்தக் கடிதத்தை அவருக்கு ஒரு வரி விடாமல் அவர் பாஷையில் படித்துச் சொல். அப்பாவுக்கு அவமானமாயிற்றே என்று எதையும் விழுங்கிவிடாதே. அவமானத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

தாங்கள் ஊர் திரும்பியதும் எழுதிய கடிதம், யோர்லெனி நம் பாஷையில் மாற்றி எழுதியபடி, சனிக்கிழமை கிடைத்தது. கோஸ்டா ரிக்காவில் மூன்று நாள் காத்திருந்தும் பெண்ணின் தகப்பனார் வந்து முகம் காட்டவில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இந்த நிலையில் கல்யாணத்தை நிதானமாக யோசிப்பது நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் நோயெமி அடுப்பை அணைத்துவிட்டாள். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவள் சமைக்கும்போது பாதியில் அடுப்பை அணைத்தது இதற்கு முன் ஒரே ஒரு தடவை, பெரிய பூகம்பத்தன்று. நிதானமாக என்றால் உங்கள் ஊரில் என்ன பொருளோ தெரியாது. எங்கள் ஊரில் ஒரு காரியத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போடுவதற்குத்தான் அப்படிச் சொல்வோம்.

அதே கடிதத்தின் கடைசியில், பழுப்புத் தொப்பியும் அடர்ந்த மீசையுமாக ஓர் ஆள் மூன்று நாளும் தங்களைப் பின்தொடர்ந்ததாகவும், அவன் ஏதோ கும்பலைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்றும், எங்கள் ஊர்க்காரர்களை எச்சரித்து வைப்பது நல்லது என்றும் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். சம்பந்தி அவர்களே, அந்த ஆள் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பறவை எண்ணுகிறோம் என்று போன் இல்லாத ஏதோ தீவுக்குப் போயிருந்த நேரத்தில் தாங்கள் தனியாக வந்தீர்கள். முதல் நாள் விமான நிலையத்துக்கு நான் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து, தங்கள் பெயரை அட்டையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். தாங்கள் வெளியே வந்தீர்கள், அட்டையைப் பார்த்தீர்கள், பெட்டியில் தொங்கிய பெயர்ச்சீட்டைப் பார்த்தீர்கள், அதை விறுவிறுவென்று பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் நடந்தீர்கள். நான் ஓடி வந்து, யோர்லெனி தீவுக்குப் போகுமுன் போனில் சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தில், காசு வேண்டாம், பயம் வேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். தாங்கள் டாக்ஸியில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டீர்கள். சரி, பிரயாணக் களைப்பு, உங்கள் ஊர் மனிதர்கள் கொஞ்சம் ஒதுங்கி இருப்பார்கள் போலும் என்று நினைத்து, முனைக்கடைப் போனிலிருந்து சான் ஹோசேயில் தங்கள் ஹோட்டலைக் கூப்பிட்டேன்.

"அப்படி யாரும் இங்க தங்கலைங்க," என்றார் க்ளார்க்.

"இன்னிக்கு வந்த ஹாலந்துக்காரருங்க. உசரமா, செவப்பா இருப்பாரு."

"அவர்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னாரு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் இன்னதென்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசி நாள் அவசரத்தில் தாங்கள் விமான நிலைய பெஞ்சில் விட்டுப்போன சிறிய மஞ்சள் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் விளங்கிற்று. சுற்றுலாப் பயணிகளுக்கான பாதுகாப்பு யோசனைகள். எங்கள் தெரு டீச்சர் ஹில்டா அதைப் படித்துப் பொருள் சொன்னார்கள். உங்களை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லும் அந்நியரை நம்பாதீர்கள், ஏமாற்றுக்காரர்கள் பெட்டியிலிருந்து பெயரைப் படித்துக்கொள்வார்கள் என்று ஆறாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. இலவசம் என்றால் ஓடுங்கள் என்பது ஏழாம் பக்கம். அப்படிப் பார்த்தால் தாங்கள் நடந்துகொண்டது முழுக்கச் சரி. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

இரண்டாம் நாள் தாங்களாகவே எங்கள் வீட்டைத் தேடி அலாஹுவேலாவுக்கு வந்தீர்கள். அந்த நல்ல மனசை நான் மறக்கமாட்டேன். ஆனால் நான் செய்கிற தொழில் லாட்டரிச் சீட்டு விற்பது. மரப்பலகையை நிறுத்தி மாதா கோயிலுக்கு எதிரே பூங்காவில் உட்காருகிறேன், முப்பத்தோரு வருடமாக, லைசென்ஸோடு. தாங்கள் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் மாமரத்தடியில் வந்து நின்று, முகவரித் தாளைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தீர்கள். நேற்று பயமுறுத்திவிட்டோம், இன்று பதவிசாகப் போவோம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலுக்கான சீட்டில் நல்ல எண்ணாக ஒன்றைக் கிழித்து, அன்பளிப்பாக நீட்டிக்கொண்டு வந்தேன். பதினோராம் பக்கம், லாட்டரிச் சீட்டோடு நெருங்குகிறவர்கள். தாங்கள் தெருவைத் தாண்டினீர்கள். நானும் தாண்டினேன்.

அப்புறம் தாங்கள் வழி கேட்க ஆரம்பித்தீர்கள். அங்கேதான் எங்கள் ஊர் தங்களைக் கெடுத்தது. எங்கள் வீட்டு முகவரி, ஐஸ் கம்பெனியிலிருந்து இருநூறு மீட்டர் கிழக்கே, எழுபத்தைந்து தெற்கே, பச்சைக் கதவு. ஐஸ் கம்பெனியை எழுபத்தொன்றிலேயே இடித்துவிட்டார்கள் என்று எழுத மறந்தது என் தப்பு. இங்கே அதெல்லாம் எழுதத் தோன்றாது. தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு எண் கிடையாது, இருந்ததை வைத்துத்தான் இருப்பதைச் சொல்வோம். தவிர, விருந்தாளி ஒருவர் வழி கேட்டால் தெரியாது என்று சொல்வதை எங்களவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். செருப்புக் கடைக்காரர் வடக்கே கை காட்டினார், பூக்காரி தெற்கே காட்டினாள், பாதிரியார் மேலே பார்த்துவிட்டு மேற்கே காட்டினார். ஆகத் தாங்கள் கோயிலை நாலு சுற்றுச் சுற்றினீர்கள். நான் தொப்பியைக் கழற்றி ஆட்டியபடி பின்னாலேயே நாலு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ஹில்டா டீச்சர் எதிரே வந்தார்கள்.

"என்ன எலாடியோ அண்ணே, வேண்டுதலா?"

"இல்ல டீச்சர். முன்னால போறாரே, அவர் என் சம்பந்தி."

"அவருக்கு அது தெரியுமா?"

நாலாவது சுற்று முடிவில் தாங்கள் களைத்துப்போய் மறுபடி மாமரத்தடியில் நின்றபோது ஒரு காய் தங்கள் தோளில் விழுந்தது. மார்ச்சு மாதத்தில் எங்கள் பூங்காவில் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை, நானும் டீச்சரைக் கடைசிப் பக்கம் வரை பார்க்கச் சொல்லிவிட்டேன். தண்ணீரோடு ஓடி வந்த என்னைப் பார்த்துத் தாங்கள் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து பஸ் ஏறினீர்கள். அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை. எங்களுக்கு ஒரே பெண். கடல் தாண்டிக் கொடுக்கிறோம். அந்த வீட்டு மனிதர் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போகிறாரே என்றிருந்தது, அதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் விமான நிலையத்துக்கு நோயெமியையும் அழைத்து வந்தேன். பெண்பிள்ளை கூட இருந்தால் நம்புவார் என்பது அவள் யோசனை. யோர்லெனியின் படத்தைக் காட்டலாம் என்பது என் யோசனை. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் படம்தான், தலையில் கிரீடம், ரோஸ் கவுன், உதட்டுக்கும் கன்னத்துக்கும் அவள் அத்தை தாராளமாகப் பூசிவிட்ட சாயம். பெற்ற எங்களுக்கே அதில் அவளை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகும். இளம்பெண் படத்தைக் காட்டுகிறவர்களைப் பற்றி அந்தப் புத்தகம் ஒரு முழு அத்தியாயமே எழுதியிருப்பது எனக்கு எப்படித் தெரியும். தாங்கள் போலீஸைக் கூப்பிட்டீர்கள். வந்தவர் ஃபெர்மின், வாராவாரம் என்னிடம் நாற்பத்தேழாம் எண் வாங்குகிறவர்.

"என்ன அண்ணே, புகார்ல மீசை, தொப்பி எல்லாம் அச்சா உங்க மாதிரியே இருக்கே."

"நான்தாம்பா. அவர் யெல்லேயோட அப்பா. யோர்லெனியைக் கட்டிக்கப்போறவரோட அப்பா."

"அதை அவர்கிட்ட சொல்லலியா?"

"மூணு நாளா அதைத்தானே சொல்றேன்."

ஃபெர்மின் தங்களிடம் திரும்பி வருவதற்குள் தாங்கள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். நோயெமி படத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாங்கள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டியது வருத்தத்தினாலா கோபத்தினாலா என்று இன்று வரை நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க, இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காலமான தங்கள் மனைவியின் மோதிரத்தை என் கையில் நேரில் கொடுப்பதற்காகவே வந்ததாகவும், முடியாமல் போகவே, ஹோட்டல் வாசலில் நின்ற, இந்த நாட்டில் தாங்கள் கண்ட ஒரே நேர்மையான அதிகாரியிடம் முகவரியோடு கொடுத்து அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடையாள அட்டை அணிந்தவரை மட்டும் நம்புங்கள் என்று புத்தகம் சொல்கிறதாம். நேற்று ஞாயிறு, முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் குலுக்கல் நாளிலேயே பலகையை மூடிவிட்டு மத்தியானம் சான் ஹோசேக்குப் போனேன். இன்றும் மத்தியானம் போனேன். சம்பந்தி அவர்களே, அங்கே அதிகாரி யாரும் இல்லை. மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, தெருவோரம் நிற்கிற கார்களுக்குக் காவல் இருந்து சில்லறை வாங்குகிற தோபியாஸ் என்ற ஆள்தான் இருக்கிறானாம். அவன் கழுத்தில் தொங்குவது போன வருட சைக்கிள் பந்தயத்தில் தண்ணீர் கொடுக்க நின்றபோது தந்த அட்டை. பத்துப் பன்னிரண்டு நாளாக மத்தியானமானால் ஆளைக் காணோம், எங்கே போகிறான் என்று யாருக்கும் தெரியாது என்றார் க்ளார்க். எனக்குத் தெரிந்துவிட்டது. தாங்கள் நூறு யோக்கியர்களைச் சந்தேகப்பட்டு, நம்பியது ஒரே ஒரு களவாணியை. மோதிரம் போயிற்று. அதை விரலில் போட்டு யோர்லெனி பலிபீடத்தின் முன் நிற்பாள் என்று ஆசைப்பட்ட அந்த அம்மாளை நினைத்து நோயெமி அழுகிறாள். தாங்கள் தங்கள் மனைவியை இரண்டாம் தடவை இழந்தது போலத்தான், அதற்கு எங்கள் ஊர் காரணமாகிவிட்டதே என்று எனக்குத் தூக்கம் இல்லை.

ஆகவே தாங்கள் கோபத்தை எங்கள்மேல் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள்மேல் வேண்டாம். இன்னொரு தடவை வருவதாக இருந்தால், இங்கேயே பிறந்து ஐம்பத்தெட்டு வருடம் பத்திரமாக இருந்தவன் என்ற முறையில் சில யோசனைகள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பூமி ஆடினால் ஓடாதீர்கள், முதலில் தொங்கும் விளக்கைப் பாருங்கள், அது ஆடுவது நின்றுவிட்டால் காபியைத் தொடரலாம். வழியை மூன்று பேரிடம் கேளுங்கள், நாலாவது ஆளோடு கூடவே நடந்து வாருங்கள். கதவுக்கு இப்போது நீலம் அடித்திருக்கிறோம், ஆனாலும் பச்சைக் கதவு என்றே கேளுங்கள். மஞ்சள் சட்டைக்காரர்களை நம்பாதீர்கள். பழுப்புத் தொப்பி போட்ட ஆளைப் பார்த்தால் நில்லுங்கள்.

தங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் எந்நாளும் அணையாதிருக்க வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், வாத்துகளுக்கு எங்கள் விசாரிப்பு.

இப்படிக்கு, தங்களைப் பின்தொடர்ந்த,
எலாடியோ பிகாடோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் குரல் கேட்டது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு மனிதர், கழுத்தில் அட்டை, காலெல்லாம் புழுதி.

"இது பச்சைக் கதவு வீடுங்களா?"

"ஆமா."

"நீலமால்ல இருக்கு. பத்துப் பன்னெண்டு நாளா தெனம் மத்தியானம் பஸ் புடிச்சு வந்து தேடுறேன். இந்தத் தெருவுலயே ஆறு தடவ போயிட்டேன். எல்லாருமே வழி சொன்னாங்க, அதான் தப்பாப் போச்சு."

தோபியாஸேதான். நான் சான் ஹோசேயில் அவரைத் தேடிய மத்தியானங்களில் அவர் இங்கே என்னைத் தேடியிருக்கிறார். சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார், தங்கள் முத்திரை அப்படியே இருந்தது. நோயெமி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆணியில் தொங்கிய என் தொப்பி அவர் கண்ணில் பட்டது. பொட்டலம் சட்டைக்குள் திரும்பிப் போயிற்று. தாங்கள் அவரிடம் வரைந்து கொடுத்த படத்தை எடுத்து என் முகத்தோடு ஒத்துப் பார்த்தார். தொப்பி, மீசை, மேலே பெரிய பெருக்கல் குறி. படம் நன்றாகவே வந்திருக்கிறது.

"நான்தாங்க பொண்ணோட அப்பா."

"அப்படித்தாங்க சொல்லுவாங்க."

யோர்லெனியின் படத்தைக் காட்டினேன். அது இன்னும் கெடுத்துவிட்டது. நோயெமி கேட்டுப் பார்த்தாள். நீங்களும் இவரோட ஆளுதானே அம்மா என்று சொல்லி அவளிடமும் கொடுக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், இப்போது மூன்றாவது டம்ளர் காபி குடிக்கிறார். அணைந்த அடுப்பை நோயெமி மறுபடி பற்ற வைத்திருக்கிறாள். தாங்களே நேரில் வந்து, இன்னார்தான் தகப்பனார் என்று விரல் நீட்டிக் காட்டினால்தான் தருவாராம், அதுவரை யார் கேட்டாலும் இல்லையாம். ஐம்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், இவரைவிடப் பத்திரமான ஆளை என்னால் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

ஆகவே மேலே இவரைப் பற்றி எழுதியதையும், நான் சொன்ன யோசனைகளையும் யோர்லெனி தயவுசெய்து அடித்துவிடவும். தாங்கள் சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள். முகவரி வேண்டியதில்லை. விமான நிலையத்தில் தோபியாஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார், அவரோடு நடந்து வாருங்கள். நான் வழக்கம்போல் பத்தடி பின்னால் வருகிறேன்.