வால்வின் மேல் இரண்டாவது பேஸ்டி

மேல் மிச்சிகன்,
10 பிப்ரவரி 1977, வியாழன்

அரிசோனா வெயிலில் குடியிருக்கும் மூத்த சகோதரி ஹில்மா அவர்களுக்கு, பல்கலைக்கழகக் கொதிகலன் கூடத்திலிருந்து தம்பி ஆர்வோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். எரிந்துகொண்டிருக்கும் மூன்று கொதிகலன்களும் நலம். தங்கள் முழங்கால் நலமா?

கடந்த ஜனவரி பதினேழாம் தேதி காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, முப்பத்தோரு வருடமாக நடைமுறையில் இருந்த ஒரு பேஸ்டிக்குப் பதிலாக இனி இரண்டு பேஸ்டிகளைச் சூடாக்குவது என்று தீர்மானித்தேன் என்பதைத் தங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். தீர்மானத்தை யாரும் எதிர்க்கவில்லை. அப்போது கூடத்தில் நான் மட்டுமே இருந்தேன். பிரதான நீராவி வால்வின் தலையில் தட்டையான இடம் ஒன்று உண்டு. இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் காலையில் அங்கே வைத்தால் மதியச் சங்கு ஊதும்போது உள்ளே வரை சூடேறியிருக்கும். சாப்பிடுகிறவரின் முதலெழுத்தை மாவின் ஓரத்தில் கீறிச் சுடுவதும், அடுத்தவர் எழுத்தைத் தொடாமலிருப்பதும் இங்கே சட்டம். அதனால் இரண்டாவது பேஸ்டியின் ஓரத்தில் இருந்த எழுத்து மேஸ்திரி ட்ரெம்பத்தின் கண்ணில் படாமல் போகவில்லை.

"ஏம்ப்பா ஆர்வோ, இந்த 'வி' யாரு?" என்று தெரியாதவர் போலக் கேட்டார்.

"தாவரவியல் டாக்டர் வெர்னாங்க."

"டாக்டரா? நல்லதாப் போச்சு. உனக்கு என்ன வியாதின்னு அவங்களையே கேட்டுச் சொல்லு."

அக்கா, வியாதி ஆறு வருடம் பழையது. இசைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் பனி நிற்பதில்லை. ஊரே இடுப்பளவு பனியில் கிடக்கும்போது அங்கே பச்சைப் புல் இருக்கும், ஏப்ரலில் பூக்க வேண்டிய குரோக்கஸ் ஜனவரியிலேயே ஊதா நிறத்தில் தலைகாட்டும். அதற்கடியில் ஏதாவது சூடான குழாய் போகிறதா என்று கேட்கத்தான் டாக்டர் வெர்னா முதன்முதலில் கூடத்துக்குள் வந்தார். போகிறது. அந்தக் குழாயின் மூட்டு ஒன்று அன்றைக்கும் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டதாகப் பழுதுப் புத்தகத்தில் நான் டிக் போட்டிருந்தேன். முதலில் டிக், பிறகு பேஸ்டி, அதற்குப் பிறகு மூட்டு என்றுதான் திட்டம். பேஸ்டி முடிந்ததும் கண் அசந்துவிட்டது. டிக் போட்ட கை எப்படி உண்மை பேசும்? "அந்தப் பக்கம் குழாயே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா இது அதிசயம்தான்" என்றார் அவர். தம் அறை ஐஸ்பெட்டியாக இருக்கிறது, இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அவர் அறையும் அதே குழாயின் கடைசியில்தான் இருக்கிறது. வழியிலேயே நீராவி பூவுக்குப் போய்விடுவதால் அவருக்கு மிச்சம் இல்லை. ஆக, என் கசிவால்தான் அவர் குளிர்ந்தார், குளிர்ந்ததால்தான் தினமும் வந்தார், வந்ததால்தான் ஆறு வருடம் என் பேஸ்டி பாதிப் பாதியானது.

அந்த மதியங்களை உனக்கு எப்படிச் சொல்வது, அக்கா? கரி எரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது. ஆவி முதலில் டர்பைனைச் சுற்றி மேலே படிக்கிற அத்தனை பேருக்கும் விளக்கைக் கொடுத்துவிட்டு, களைத்துப்போய்க் கட்டடங்களுக்கு அடியிலுள்ள குழாய்ச் சுரங்கத்தில் இறங்கி, அறை அறையாகச் சூட்டை விட்டுவிட்டு, தண்ணீராகி மறுபடி எங்களிடமே வந்து சேர்கிறது. நான் அதன் கூடவே நடந்திருக்கேன். நூலகத்துக்கு அடியில சத்தமே இருக்காது. விடுதிக்கு அடியில யாரோ குளிச்சுக்கிட்டே பாடுறது குழாய் வழியா வரும். இசைக் கட்டடத்துக்கு அடியில நின்னு குழாய் உறைமேல கைய வச்சா, பியானோ காதுல கேக்காது, உள்ளங்கையில கேக்கும். இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லுவேன். அவங்க மெல்லுறதை நிறுத்திட்டுக் கேப்பாங்க. அழுத்தமானியின் முள் நூற்றிருபதில் அசையாம நிக்கும். ஜன்னலுக்கு வெளிய பனி விழுந்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள், பல்கலைக்கழகத்தோட எட்டுக் கட்டடமும் பனிக்குள்ள தூங்குது, நாங்க ரெண்டு பேர்தான் அதோட கனவை எரியவிட்டுக்கிட்டிருக்கோம்னு எனக்குத் தோணுச்சு. சொல்லலை. ட்ரெம்பத் பக்கத்துல இருந்தார்.

போன வாரம் அவங்க ஒரு நோட்டை மூடிட்டு, "ஆர்வோ, கட்டுரை முடிஞ்சுது. அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்புறேன். அந்தக் குரோக்கஸ் குளிருக்குப் பயப்படாத புது ரகம்னு நிரூபிச்சிருக்கேன். அதுக்கு உங்க பேரையே வைக்கப்போறேன்"னாங்க. கடிச்ச பேஸ்டியைத் திருப்பி வால்வு மேலயே வச்சுட்டேன். உலகத்துத் தாவரவியல்காரங்க எல்லாரும் வந்து ஒரு தடவை குனிஞ்சு மண்ணோட சூட்டைத் தொட்டுப் பாத்தா, அவங்க வாழ்நாள் பேரு போச்சு. உண்மையச் சொன்னா என் மதியம் போச்சு. வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரலை. பூ குளிர்ல செத்தா அவங்களே கட்டுரையை நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். அதனால செவ்வாய்க்கிழமை காலையில சுரங்கத்துக்குள்ள போயி, தலைக்கு மேல யாரோ மெதுவாப் பியானோ வாசிச்சுக்கிட்டிருக்க, அந்த மூட்டைப் புதுசா மாத்தி இறுக்கிட்டேன். ஆறு வருஷம் கழிச்சு அந்த டிக் உண்மையாச்சு. மதியம் அவர் வந்து, "இன்னிக்கு என் அறையில கோட்டைக் கழட்டிட்டேன், ஆர்வோ" என்று மட்டும் சொன்னார். நான் "சந்தோஷங்க" என்றேன்.

புதன்கிழமை அந்த இடத்தைப் பனி மூடிவிட்டது. அன்று அவர் வரவில்லை. இன்றும் வரவில்லை. 'வி' பேஸ்டியை இரண்டு நாளும் ட்ரெம்பத் சாப்பிட்டார், எழுத்து இருந்த ஓரத்தை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டு. "வீணாப் போகக்கூடாதுப்பா" என்றார்.

ஆகவே தாங்கள் நான்கு வருடமாக வற்புறுத்திவரும்படி, இந்த மாதத்தோடு ஓய்வு பெற்று அரிசோனாவுக்கே வந்துவிடுவதென முடிவு செய்துள்ளேன். பின்னறையிலிருந்து தையல் மிஷினை எடுத்துவிடவும். அங்கே சூடாக்க ஒன்றுமில்லை என்பது தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்கிறேன். கர்த்தர் தங்கள் முழங்காலையும் மச்சானின் காதையும் ஒருசேரக் காப்பாராக.

பணிவுள்ள தம்பி,
ஆர்வோ

பி.கு. (வெள்ளி மாலை): தையல் மிஷின் அங்கேயே இருக்கட்டும், அக்கா. இன்று மதியச் சங்கு ஊதும்போது கோட்டும் குல்லாவுமாக அவர் வந்து நின்றார். நான் எழுந்து, குழாய், மூட்டு, டிக் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"வந்த முதல் வாரமே மண்ணுல வெப்பமானிய நட்டுப் பார்த்துட்டேன். என்னை என்ன மக்குன்னு நெனச்சீங்களா?" என்றார்.

"அப்ப அந்தக் கட்டுரைங்க?"

"கட்டுரையே கிடையாது. நீங்க ஒரு பொய் சொன்னீங்க, நான் ஒண்ணு சொன்னேன். பேரு வைக்கிறேன்னா உண்மையச் சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க போய்ப் பூவைக் கொன்னுட்டு வந்துட்டீங்க."

"ரெண்டு நாளா ஏங்க வரலை?"

"அறை சூடா இருந்துச்சே. என்ன காரணம் சொல்லிட்டு வர்றது?" என்றார். வால்வின் மேலிருந்து தம் பேஸ்டியை எடுத்து, ட்ரெம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "இன்னிக்குக் காலையில ரெண்டு ஜன்னலையும் திறந்து வச்சுட்டேன்."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. மூன்று மணிக்கு நான்காவது கொதிகலனையும் பற்றவைத்தோம்.