குறட்டைக்கு ஆதாரம் எங்கே?

படுக்கையறையை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை என்று இன்ஷூரன்ஸ் அதிகாரி தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தது அவருடைய மனைவி. அவர் விடுகிற குறட்டையில் ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, ஆகவே மனிதர் ஹால் சோபாவுக்குக் குடிபெயர வேண்டும் என்பது அந்த அம்மாளின் கட்சி.

அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. எரிந்து சாம்பலான கடையின் முன்னால் நின்றுகொண்டே, தீப்பிடித்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டவர். மனைவி குறட்டையைப் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்றார். பக்கத்து வீட்டில் மோட்டாரே கிடையாது என்றாள். அப்படியானால் எதிர்வீடு என்றார்.

"மூணாம் மனுஷன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அப்புறம் பேசு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும், படத்துக்குப் போகலாமா என்று மனைவி கேட்டாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கலைப்படம் மட்டுமே போடுகிற சின்னத் தியேட்டர் அது. கொறிக்க எதுவும் விற்பதில்லை. கொறித்தால் சிந்தனை கலைந்துவிடுமாம். ரசிகர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியோ மெத்துமெத்தென்று இருந்தது. ஏசி வேறு. திரையில் ஒரு கதவு வந்தது. திறக்கும் திறக்கும் என்று அதிகாரி காத்திருந்தார். அது திறக்கிற வழியாக இல்லை. கொஞ்சம் யோசிக்கலாமே என்று கண்ணை மூடினார்.

விழித்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மேடையில் தாடியோடு டைரக்டர். படம் முடிந்தால் கலந்துரையாடல் நடத்தாமல் அங்கே யாரையும் வெளியே விடுவதில்லை. மைக் மனைவியின் கையில் இருந்தது.

"எனக்கு சினிமா பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. படம் முழுக்க ஒரு சத்தம் வந்துச்சே, அது மத்தவங்களுக்கும் கேட்டுச்சா?"

கேட்காமல் என்ன! அது இயந்திர நாகரிகத்தின் மரண ஓலம் என்றார் ஒரு பேராசிரியர். அடிவயிற்றைக் கலக்கிவிட்டது என்று ஒரு கண்ணாடிக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் சட்டென்று நின்று, ஒரு விசிலோடு மறுபடி கிளம்பியதே, அந்த இடத்தில் தமக்கு மூச்சே நின்றுவிட்டது என்றார் ஒரு பல் டாக்டர்.

அதிகாரி கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் தூங்கினது தெரிந்துபோகும். தூக்கம் தெரிந்தால் குறட்டை, குறட்டைக்குப் பின்னாலேயே சோபா. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்தச் சத்தம்தாங்க படத்துக்கு உயிரே. அது மட்டும் இல்லேன்னா நான் பாதியிலேயே தூங்கியிருப்பேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டைரக்டர் மட்டும் தட்டவில்லை.

"சார், என் படத்துல சத்தமே கிடையாது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மௌனம்."

அரங்கத்தில் இருந்த அத்தனை தலையும் அதிகாரி பக்கம் திரும்பியது. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரி ஊமைப் படம் ஒண்ணு கிடைக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள் அவள், தணிந்த குரலில்.

டைரக்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று அதிகாரி கன்னத்தைப் பொத்திக்கொண்டார். வந்தவரோ அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தம் படத்துக்கு நடுவில் ஒருத்தர்கூட எழுந்து போகாதது இன்றைக்குத்தானாம்.

"தினமும் ராத்திரி காட்சிக்கு நீங்க வந்தாகணும் சார். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

முடியாது என்று சொல்லத்தான் அதிகாரி வாயைத் திறந்தார்.

"தாராளமா வருவாரு. தலகாணி நான் குடுத்தனுப்பறேன்" என்றாள் மனைவி.